ஏரோ சாமான்கள்: பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுபவர் எதை வாங்கலாம், எதை விடலாம்?

காற்றுத்தடையைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் ‘ஏரோ’ ஹெல்மெட்டின் பெட்டியிலோ சக்கர விளம்பரத்திலோ ‘10 வாட் மிச்சம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அந்தப் பத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தைத் தேடுங்கள். எந்த வேகத்தில் அளந்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் அது மணிக்கு 45 கி.மீ. ஆக இருக்கும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவர் அந்த வேகத்தைப் பார்ப்பது இறக்கத்தில் மட்டும்தான்.

காற்றைத் தள்ளிக்கொண்டு போக ஆகும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. இதையே திருப்பிப் போட்டால், மெதுவாகப் போகிறவருக்கு மிச்சமாகும் வாட் படுவேகமாகச் சுருங்கும். 45 கி.மீ. வேகத்துக்குச் சொன்ன எண்ணை உங்கள் வேகத்துக்கு மாற்ற இந்தப் பெருக்கல் போதும்: 35 கி.மீ. என்றால் 0.47, 30 என்றால் 0.30, 25 என்றால் 0.17, 20 என்றால் 0.09. ஆக, பெட்டியில் உள்ள 10 வாட், 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர் கைக்கு வரும்போது 1.7 வாட். இருபதில் போகிறவருக்கு ஒரு வாட்கூட இல்லை.

முதலில் கணக்கு

ஏரோ பேச்சில் அடிக்கடி வரும் சொல் சிடிஏ. உடலும் வண்டியும் சேர்ந்த முன்பக்கப் பரப்பை, அந்த உருவம் காற்றில் எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் காட்டும் எண்ணால் பெருக்கினால் வருவது. சதுர மீட்டரில் சொல்வார்கள். நேரான ஹேண்டில்பார் வைத்த வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் சுமார் 0.50 முதல் 0.60. ரோடு சைக்கிளில் பிரேக் லீவர் மேலுள்ள ரப்பர் ஹூடைப் பிடித்து, கையை நேராக நீட்டி ஓட்டினால் 0.40 பக்கம். கீழ்ப்பிடியான டிராப்பைப் பிடித்து, முழங்கையை மடக்கிக் குனிந்தால் 0.32. முழங்கையை ஊன்றும் ஏரோ பாரில் ஒழுங்காகப் படுத்தால் 0.25 முதல் 0.28.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்த்து 85 கிலோ, சிடிஏ 0.40, சுமாரான டயர், காற்றில்லாத சமதளம் என்று வைத்துக்கொண்டால் சக்தி இப்படிப் பிரிகிறது:

- 20 கி.மீ.: காற்றுக்கு 41 வாட், டயருக்கு 28
- 25 கி.மீ.: காற்றுக்கு 80, டயருக்கு 35
- 30 கி.மீ.: காற்றுக்கு 139, டயருக்கு 42
- 40 கி.மீ.: காற்றுக்கு 329, டயருக்கு 56

சிடிஏவில் 0.01 குறைத்தால் இருபதில் 1 வாட், இருபத்தைந்தில் 2, முப்பதில் 3.5, நாற்பதில் 8 வாட் மிச்சம். இந்த நாலு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். 45 கி.மீ. வேகத்தில் 10 வாட் என்பது சிடிஏவில் ஏறக்குறைய 0.0085 குறைவதுதான்.

விற்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: ‘வாட் குறைவாக இருக்கலாம், ஆனால் மெதுவாகப் போகிறவருக்குத்தான் அதிக நேரம் மிச்சம்.’ இது பொய் இல்லை. அதே 0.01 குறைப்பில், 40 கி.மீ. தூரத்தை 40 கி.மீ. வேகத்தில் முடிப்பவருக்கு 28 விநாடி மிச்சம், 30-ல் போகிறவருக்கு 36, 25-ல் 42, 20-ல் 49. சாலையில் அதிக நேரம் இருப்பதால் அதிக விநாடி சேர்கிறது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் மிதித்தவருக்கு 49 விநாடி என்பது நடுவில் இறங்கி ஷூ கயிறு கட்டும் நேரம். பந்தயத்தில் அதுவே இடத்தை மாற்றும். தனியாக ஓட்டி வீடு வருகிறவருக்கு எதையும் மாற்றாது.

மாறாக, விளம்பரம் சொல்லாத, உங்களுக்கு உண்மையிலேயே உதவும் ஒரு கணக்கு இருக்கிறது: எதிர்க்காற்று. 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரில் 15 கி.மீ. காற்று அடித்தால், உடலுக்குப் படும் காற்றின் வேகம் 35 கி.மீ. ஆகிவிடும். காற்றுக்கு மட்டும் ஆகும் சக்தி 41 வாட்டிலிருந்து 126 வாட்டுக்குத் தாவும். 0.01 குறைப்பின் மதிப்பும் ஒரு வாட்டிலிருந்து மூன்று வாட்டுக்கு மேல் போய்விடும். கடலோரத்திலோ வெட்டவெளியிலோ ஓட்டுபவருக்கு ஏரோ என்பது வேகப் பைத்தியங்களின் விஷயம் இல்லை. திரும்பி வரும்போது கால் மிஞ்சுமா என்கிற விஷயம்.

ஏற்றத்தில் நிலைமை நேரெதிர். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போனால் புவியீர்ப்புக்கு 139 வாட், காற்றுக்கு ஐந்தே வாட். அங்கே எந்த ஏரோ சாமானும் வெறும் பாரம்.

சிக்னல்கள் நிறைந்த நகரச் சாலையையும் இங்கேயே முடித்துவிடலாம். 85 கிலோவை 25 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 2,050 ஜூல் ஆகிறது. பிரேக் பிடித்தால் அத்தனையும் சூடாகப் போய்விடும். 0.01 குறைத்து விநாடிக்கு 2 ஜூல் மிச்சம் பிடித்தால், ஒரே ஒரு சிவப்பு விளக்கு உங்கள் 17 நிமிடச் சேமிப்பை விழுங்கிவிடும். வேலைக்குப் போய்வர மட்டும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் டயர் பற்றிய பகுதிக்கு நேராகப் போகலாம்.

உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமாகப் போகும் பாதையில் மூன்று ஓட்டங்களைப் பதிவு செய்யுங்கள். நின்ற நேரத்தைக் கழித்த சராசரி வேகம் வேண்டும். செயலி காட்டும் உச்ச வேகம் வேண்டாம். அதோடு, சமதளத்தில் தனியாக, நிற்காமல் போன ஒரு 5 கி.மீ. துண்டை எடுத்து அதன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது எண்தான் கணக்குக்கு உதவும்.

இருபதுக்குக் கீழே இருந்தால், காசு கொடுத்து வாங்கும் ஏரோ எதுவும் வேண்டாம். 20 முதல் 27 வரை இருந்தால் உட்காரும் விதம், உடை, டயர் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். 28-ஐத் தாண்டி, தனியாக நீண்ட தூரம், திறந்த சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் மற்ற சாமான்களைப் பற்றி யோசிக்கலாம். கூட்டமாக ஓட்டுபவர் என்றால் இன்னும் ஒரு படி கீழே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனாலே காற்றுத்தடை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், 25 கி.மீ. வேகத்தில் 24 வாட், செலவில்லாமல். ஐந்தோஃபன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018-ல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்தபோது, நடுவிலும் பின்னாலும் இருப்பவருக்குத் தனியாகப் போவதில் 5 முதல் 10 சதவீதத் தடைதான் இருந்தது. அந்த இடத்தில் இருப்பவரின் தலையில் எந்த ஹெல்மெட் இருந்தால் என்ன?

உடம்பு: பெரிய மீன் இங்கேதான்

மொத்தக் காற்றுத்தடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஓட்டுபவரின் உடல்தான். சைக்கிளும் சக்கரமும் மிச்சக் கால் பங்கில் அடக்கம். கடையில் கிடைப்பதெல்லாம் அந்தக் கால் பங்கைச் சுரண்டும் சாமான்கள் என்பதுதான் வேடிக்கை.

முதல் மாற்றம் முழங்கை. ஹூடைப் பிடித்தபடியே முழங்கையை மடக்கி, முன்கை தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக வரும்வரை இறங்குங்கள். முழங்கைகள் வெளிப்பக்கம் சிறகு மாதிரி விரியாமல் முழங்காலுக்கு நேராக இருக்க வேண்டும். தலையைத் தோள்களுக்கு நடுவில் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொள்ளுங்கள், ஆமை மாதிரி. பார்வை சாலையில் இருக்கட்டும். இப்படிச் செய்தால் சிடிஏ 0.05 வரை குறையும்: 25 கி.மீ. வேகத்தில் 10 வாட், மேலே சொன்ன எதிர்க்காற்றில் 16 வாட். கையை நேராக நீட்டி டிராப்பைப் பிடிப்பதைவிட முழங்கை மடங்கிய ஹூட் பிடி பல பேருக்கு வேகமானது. காரணம் எளிது: நேராக நீட்டிய கைகள் காற்றில் நட்ட இரண்டு கம்பங்கள், மடங்கிய முன்கை காற்றின் திசையிலேயே படுத்துவிடுகிறது.

இதில் சறுக்குவது எங்கே? புதிதாகச் செய்பவர் தோளால் எடையைத் தாங்குவார். பத்து நிமிடத்தில் கழுத்தும் மேல்முதுகும் கத்தும். எடையை வயிற்றுத் தசை தாங்க வேண்டும். முதல் வாரம் இரண்டிரண்டு நிமிடமாக, எதிர்க்காற்று அடிக்கும் இடங்களில் மட்டும் செய்து பழகி, மூன்றாம் வாரத்தில் பத்து நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அது வசமான பிறகு ஹேண்டில்பாரைக் கீழே இறக்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயோடு ஹேண்டில்பாரை இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். அதற்கு அடியில் வளையம் வளையமாக ஸ்பேசர்கள் இருக்கும். ஒரே ஒரு ஸ்பேசரை, 5 அல்லது 10 மி.மீ., எடுத்து ஸ்டெமுக்கு மேலே போட வேண்டும். தூர எறிய வேண்டாம், ஃபோர்க் குழாயை அறுக்கவும் வேண்டாம். வேலை நடக்கும் வரிசை முக்கியம்:

1. ஸ்டெமின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள்.
2. உச்சி மூடியின் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுங்கள். முன்சக்கரம் தரையில் ஊன்றியே இருக்கட்டும். தூக்கினால் ஃபோர்க் நழுவி இறங்கிவிடும்.
3. ஸ்டெமை உருவி, ஒரு ஸ்பேசரை மேலே மாற்றிப் போடுங்கள். குழாயின் உச்சி, மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 2–3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி குழாயில் முட்டிக்கொண்டு நிற்கும், பேரிங் இறுகாது.
4. முதலில் உச்சி மூடியை மட்டும் இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தடக்கென்று ஆட்டம் இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். ஹேண்டில் தடையின்றித் திரும்ப வேண்டும்.
5. சக்கரத்துக்கு நேராக ஸ்டெமை நிறுத்தி, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஸ்டெமில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

நாலாவதையும் ஐந்தாவதையும் மாற்றிச் செய்வதுதான் வழக்கமான தவறு. பக்க போல்ட் இறுகிவிட்டால் ஸ்டெம் குழாயைக் கவ்விக்கொள்ளும். பிறகு உச்சி மூடியை எவ்வளவு முறுக்கினாலும் பேரிங்குக்கு அழுத்தம் போகாது. நாலு நாளில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு ஸ்பேசருக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். இருபது நிமிடம் தொடர்ந்து அந்த நிலையில் வலியில்லாமல் மிதிக்க முடியவில்லை என்றால் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள். தாங்க முடியாத தாழ்வு, காற்றில் 8 வாட் மிச்சம் பிடித்துக் காலில் 15 வாட் தொலைக்கும். இடுப்பு ஒடுங்கி, தொடை வயிற்றில் இடிக்க ஆரம்பிப்பது அதன் முதல் அறிகுறி.

படபடக்கும் சட்டை

அடுத்து துணி. தொளதொள மழைச் சட்டையை அல்லது காற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு 28 கி.மீ. வேகத்தில் போகும்போது காது கொடுத்துக் கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் கொடி படபடப்பது மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை உண்டாக்கும் சக்தி வேறெங்கிருந்தும் வரவில்லை, உங்கள் காலிலிருந்துதான். பொருந்தாத உடையிலிருந்து உடலோடு ஒட்டும் ஜெர்சிக்கு மாறினால் 0.02, சில சமயம் 0.03 கூடக் குறையும். இவ்வளவு கொடுக்கும் சாமான் கடையில் வேறு எதுவும் இந்தச் செலவில் இல்லை.

ஆனால் ‘ஏரோ ஜெர்சி’ என்று பெயர் போட்டதுதான் வேண்டும் என்றில்லை. அளவு சரியாக இருந்தால் சாதாரண ஜெர்சியே போதும். கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முன்னால் குனிந்து, கைகளை ஹூட் பிடிப்பது போல நீட்டி, தோளின் பின்பக்கமும் மேல்கையும் பாருங்கள். அங்கே துணியை இரண்டு விரலுக்கு மேல் கிள்ளி எடுக்க முடிந்தால் ஓர் அளவு குறைத்து எடுங்கள். நிமிரும்போது மார்பில் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது சரியான அளவின் குணம். ஜிப்பைத் திறந்துவிட்டு ஓட்டினால் இத்தனையும் வீண். வெயிலில் திறக்கத்தான் வேண்டும், திறங்கள். அப்போது ஏரோவை மறந்துவிடுங்கள்.

முதுகுப் பையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். சீட்டுக்கு அடியில் தொடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னப் பையும், பிரேமின் முக்கோணத்துக்குள் அடங்கும் பையும் காற்றுக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பக்கமும் தொங்கும் கேரியர் பைகள் நன்றாகவே தெரியும். காலியாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஏரோ இல்லாத ஏரோ: டயரும் செயினும்

தடிமனான, கடினமான டயரிலிருந்து நல்ல மெல்லிய ரேஸ் டயருக்கும் லேசான டியூபுக்கும் மாறினால் உருள்தடைக் குணகம் (டயர் உருளும்போது எவ்வளவு தடை என்று காட்டும் எண்) 0.006-லிருந்து 0.004 அளவுக்கு வரும். 85 கிலோவுக்கு, 25 கி.மீ. வேகத்தில், இது 11 வாட்டுக்கு மேல். அதே வேகத்தில் 11 வாட்டை ஏரோவால் எடுக்க சிடிஏவை 0.055-க்கும் மேலே குறைக்க வேண்டும், 50 மி.மீ. ஆழச் சக்கரம் கொடுப்பதோ 0.005 முதல் 0.01. அந்தச் சக்கரத்தின் விலையில் எத்தனை ஜோடி டயர் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டயர் ஏற்றத்திலும் மிச்சம் கொடுக்கும், பக்கக்காற்றிலும் கொடுக்கும், 15 கி.மீ. வேகத்திலும் கொடுக்கும்.

விலையாகக் கொடுக்க வேண்டியது ஆயுளும் பஞ்சர் பாதுகாப்பும். முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற சாலையில் மாதம் நாலு தடவை டியூப் மாற்றினால் மிச்சமான வாட்டெல்லாம் சாலையோரத்தில் போகும். அப்படிப்பட்ட இடத்தில் அடியில் பாதுகாப்புப் பட்டை உள்ள நடுத்தர டயரே நல்லது. காற்றையும் கல் மாதிரி அடிக்காதீர்கள்: மொத்தம் 85 கிலோவுக்கு 28 மி.மீ. டயரில் சுமார் 70 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் கரடுமுரடான சாலையில் வண்டி உருள்வதற்குப் பதில் துள்ளும். துள்ளலும் சக்தி நஷ்டம்தான்.

கறுத்துப்போன செயினைக் கழுவி, துடைத்து, காயவிட்டு, மெழுகோ எண்ணெயோ போட்டால் சில வாட் திரும்பி வரும். காலுறை, ஷூ கவர் எல்லாவற்றையும்விட இது மேல்.

வாங்கத் தோன்றினால்

*முழங்கை ஊன்றும் ஏரோ பார்.* தனியாக நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு, செலவுக்குக் கிடைக்கும் பலனில் மற்ற எல்லாச் சாமானையும் விழுங்கும். 1989 டூர் தெ பிரான்ஸின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கி.மீ. தனிநேர ஓட்டத்தில் (ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவது), 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் இந்தப் பாரோடு வந்து, முதலிடத்தில் இருந்த லோரான் ஃபின்யோனைவிட 58 விநாடி வேகமாக முடித்து, மொத்தப் பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். ஃபின்யோனிடம் ஏரோ பாரும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. ஆனால் லெமாண்ட் ஓட்டியது சராசரியாக 54.5 கி.மீ. வேகத்தில். உங்கள் 25 கி.மீ. வேகத்தில் அதே பார் தரும் வாட், அவருக்குத் தந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இருந்தாலும் 0.06 குறைந்தால் 12 வாட். கைக்கு இன்னோர் ஓய்வு நிலையும் கிடைக்கும்.

வாங்கும் முன் ஹேண்டில்பாரைப் பாருங்கள். பாரைக் கவ்வும் பிடி உட்காருவதற்கு, ஸ்டெமுக்கு இரு பக்கமும் 31.8 மி.மீ. விட்டமுள்ள வட்டமான பகுதி வேண்டும். தட்டையான மேற்பரப்பு உள்ள ஏரோ ஹேண்டிலில் பொருந்தாது. கார்பன் ஹேண்டில் என்றால், மேலே பிடி மாட்டலாம் என்று தயாரிப்பாளர் அனுமதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நசுங்கி, பிறகொரு நாள் உடையும். மாட்டும்போது முழங்கை மெத்தைகளை உயரமாகவே வையுங்கள். முழங்கை காதுக்கு ஏறத்தாழ நேர்கீழே வரட்டும். சீட்டை 10–20 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். முன்னால் தள்ளும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் சுமார் 3 மி.மீ. குறையும், அந்த அளவு சீட்டை உயர்த்த மறக்காதீர்கள். மறந்தவர்களுக்கு முன் முழங்காலில் வலி வரும், குற்றம் பார் மேல் விழும்.

பாரில் படுத்திருக்கும்போது பிரேக் கையில் இல்லை. கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி 8 மீட்டர் ஓடியிருக்கும். எனவே கூட்டத்தில், சந்திப்பில், வளைவான இறக்கத்தில், பலத்த பக்கக்காற்றில் அதைத் தொடக்கூடாது. உங்கள் சாலைகள் முழுவதும் இப்படித்தான் என்றால் வாங்காதீர்கள். பாரே இல்லாமல் முன்கையை ஹேண்டில் மேல் சாத்திக்கொண்டு போவது இன்னும் மோசம். சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ 2021 ஏப்ரல் முதல் பந்தயங்களில் அதையும், பிரேமின் மேல்குழாயில் உட்கார்ந்து இறங்குவதையும் தடை செய்திருக்கிறது.

*ஹெல்மெட்.* ஏரோ ரோடு ஹெல்மெட், துளைகள் நிறைந்த சாதாரண ஹெல்மெட்டைவிட 0.005 அளவு குறைக்கும். 25 கி.மீ. வேகத்தில் ஒரு வாட். இதற்காக நல்ல ஹெல்மெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பழையது விழுந்து அடிபட்டு மாற்றும் கட்டாயம் வரும்போது, தலைக்குப் பொருந்தினால், வெப்பம் தாங்கினால், எடுக்கலாம். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது குறைந்த துளைகளின் அருமை தெரியும். வால் நீண்ட ஹெல்மெட் இந்தக் கதையிலேயே வராது. தலை குனிந்ததும் வால் எழும்பி, வாங்கிய நோக்கத்தையே கெடுக்கும்.

*ஆழச் சக்கரம்.* அழகுக்காக வாங்குகிறேன் என்று சொன்னால் மறுப்பே இல்லை, உண்மையிலேயே அழகு. வேகத்துக்காக என்றால் 25 கி.மீ. வேகத்தில் ஒன்று, இரண்டு வாட்டுக்கு இவ்வளவு செலவு. அதுவும் டயர் பொருந்தினால்தான். ரிம்மின் வெளி அகலம், காற்றடைத்த டயரின் உண்மை அகலத்தைவிடக் குறைந்தது 5 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சக்கரத் தொழிலில் ‘105 விதி’. அதாவது 28 மி.மீ. டயருக்கு 29.4 மி.மீ. ரிம். 25 மி.மீ. ரிம்மில் 28 மி.மீ. டயரை மாட்டினால் டயர் பல்பு மாதிரி பிதுங்கி, காற்று ரிம்மில் ஒட்டாமல் பிரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ஆழம் பாதி வேலையைச் செய்யாது. டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், காற்றடித்து ஒரு நாள் கழித்து வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள்.

கூடவே வரும் சில்லறைத் தொல்லைகள்: 50 மி.மீ. ரிம்முக்கு 70 மி.மீ.க்குக் குறையாத வால்வு வேண்டும். கையிருப்பில் உள்ள குட்டை வால்வு டியூப் எதுவும் பஞ்சர் நேரத்தில் உதவாது. ரிம் பிரேக் என்றால் கார்பனுக்கென்று உள்ள பிரேக் கட்டையே போட வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையில் பதிந்திருக்கும் உலோகத் துகள் கார்பனைக் கீறும். பிறகு பக்கக்காற்று. லாரி ஒன்று உங்களைத் தாண்டும்போது ஒரு கணம் காற்று மறைந்து, அது கடந்ததும் மொத்தமாக வந்து மோதும். ஆழமான முன்சக்கரம் அப்போது ஹேண்டிலைப் பிடுங்கித் திருப்பும். எடை குறைந்தவர்களை இது அதிகம் ஆட்டும். கட்டாயம் வேண்டுமென்றால் முன்னால் 35–40 மி.மீ., பின்னால் மட்டும் 50 என்று போடுங்கள்.

*மற்றவை.* ஏரோ காலுறை, ஷூ கவர், தட்டை பாட்டில்: வேண்டாம். ஏரோ பிரேம்: 0.01 முதல் 0.02 வரை குறையலாம், ஆனால் புது வண்டி வாங்கும்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவில் தேர்வு செய்ய ஒரு காரணமாக இருக்கட்டும். வண்டி மாற்றவே காரணமாக வேண்டாம். ஹேண்டில்பார் அகலம் மட்டும் கவனிக்கத் தக்கது. தோள் எலும்பு அகலத்தைவிட விரிந்த ஹேண்டில் வண்டியோடு வந்திருந்தால், அதை மாற்ற வேண்டி வரும்போது 2–4 செ.மீ. குறுகலானதை மாட்டலாம், கைகள் உடலின் நிழலுக்குள் வந்துவிடும்.

இவற்றின் பலன்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஹெல்மெட் 5, சக்கரம் 8, பிரேம் 12 என்று விளம்பர வாட்களைக் கூட்டினால் 25 வரும், சாலையில் வராது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு பழைய சாமானோடு, வெவ்வேறு காற்றுக்கோணத்தில், பல சமயம் அசையாத பொம்மையை உட்காரவைத்து அளந்திருப்பார்கள்.

இறக்கத்தில் ஒரு சோதனை

செயற்கையாகக் காற்று வீசி அளக்கும் காற்றுக்குகை இல்லாமலும் ஓரளவு அளக்கலாம். போக்குவரத்து இல்லாத, வளைவில்லாத, 4 சதவீத இறக்கம் 400 மீட்டர் நீளத்துக்கு வேண்டும்; கீழே நிற்கத் தாராளமாக இடம் இருக்க வேண்டும். காற்று எழும்பாத அதிகாலையில் போங்கள். மேலே ஒரு கோடு போட்டு, அசையாமல் நின்று, தள்ளாமல் பிரேக்கை விடுங்கள். மிதிக்கக் கூடாது, பெடல்கள் கிடைமட்டமாக இருக்கட்டும். கீழே இரண்டாவது கோட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறியுங்கள். டயர் காற்று, பாட்டிலில் உள்ள தண்ணீர், பையில் உள்ள சாமான் எதுவும் மாறக் கூடாது.

மேலே எடுத்துக்கொண்ட 85 கிலோ, 0.40 கணக்குப்படி அங்கே 37 கி.மீ. வேகம் வரும். முழங்கையை மடக்கி 0.35-க்கு வந்தால் 38.8. கிட்டத்தட்ட 2 கி.மீ. வித்தியாசம்; எந்த மீட்டரிலும் தெரியும். படபடக்கும் சட்டையும் தெரியும். ஹெல்மெட் மாற்றினால் வரும் 0.005-க்கு வித்தியாசம் 0.18 கி.மீ. மட்டுமே, ஒரு சின்னக் காற்று அதை மூடிவிடும். மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் ராபர்ட் சங் உருவாக்கிய ‘மெய்நிகர் உயரம்’ முறையில் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் அதற்கான வசதி இருக்கிறது.

பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் ஒவ்வொன்றும் நாலைந்து முறை ஓட்டுங்கள். பழையதை முழுவதும் முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால், வெயில் ஏறி காற்று லேசானதையும் சேர்த்துப் புதிய சாமானின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஒரே சாமானோடு ஓடிய ஐந்து ஓட்டங்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை முதலில் பாருங்கள். புதியது காட்டும் வித்தியாசம் அதைவிடச் சின்னதாக இருந்தால், விலைச்சீட்டைக் கிழிக்காமல் பெட்டியில் வைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.